காப்பிக் குடுவையும் கரும்பலகையும்

2020-ஆம் ஆண்டு. பெருந்தொற்றினால் கல்லூரிகள் மூடப்பட்டிருந்த காலம். வீட்டுக் கூடத்தில் ஒரு கரும்பலகையை மாட்டி, எதிரே மேசைமீது மடிக் கணிப்பொறியைத் திறந்து வைத்துக்கொண்டு பி.எஸ்ஸி. மாணவர்களுக்குக் கதிர்வீச்சு இயலை நடத்திக்கொண்டிருந்தேன். ஸ்டீபன் மாறிலியின் மதிப்பைப் பலகையில் எழுதி, ஒரு சதுர மீட்டர் கரும்பரப்பிலிருந்து வினாடிக்கு வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிடச் சொன்னேன். வந்த விடைகளில் பாதி சரி. மீதிப் பாதி, சரியான விடையைப்போல் நூறு மடங்கு! எங்கே தவறு என்று நான் திகைத்திருக்கையில் ஒரு மாணவி தயங்கிக்கொண்டே கேட்டாள்: "சார், பத்துக்கு மேலே போட்டிருப்பது மைனஸ் ஆறா, மைனஸ் எட்டா?"

நான் எழுதியிருந்தது மைனஸ் எட்டு. என் கையெழுத்து அவ்வளவு அழகானதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வகுப்பறையில் அதைப் படிக்க முடியவில்லை என்று இதுவரை எவரும் குறைகூறியதில்லை. இடையில் நின்று எட்டை ஆறாக்கியது, கணிப்பொறி மூடியின் விளிம்பில் மிளகளவே உள்ள ஒரு கண்ணாடித் துளை. அந்தக் கண் எப்படிப் பிறந்தது, அதனால் எவ்வளவு பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்பதை அன்றுதான் ஒழுங்காக அறிந்துகொள்ள முற்பட்டேன். நான் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தின் கணிப்பொறி ஆய்வகத்திலிருந்து தொடங்குவோம். 1991-இல் அங்கே ஆராய்ச்சியாளர் பலருக்கும் பொதுவாக ஒரே ஒரு காப்பி இயந்திரம் இருந்தது. அது 'ட்ரோஜன் அறை' என்று பெயர் பெற்ற ஓர் அறைக்கு வெளியே, தாழ்வாரத்தில் இருந்தது. மற்ற மாடிகளில் பணிபுரிந்தவர்கள் காப்பி நினைவு வந்து படியிறங்கிப் போனால், பெரும்பாலும் காலிக் குடுவைதான் வரவேற்கும். அடுத்த அறைக்காரர்கள் முந்திக்கொண்டிருப்பார்கள். இந்தத் தொல்லையைத் தீர்க்க க்வென்டின் ஸ்டாஃபோர்டு-ஃப்ரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். காமிரா ஒன்றைக் குடுவையை நோக்கி நிறுத்தி, அதை ஏக்கார்ன் ஆர்க்கிமிடீஸ் என்னும் கணிப்பொறியோடு இணைத்தார்கள். படத்தை எடுத்து வழங்கும் நிரலை ஜார்டெட்ஸ்கியும், அதைத் திரையில் காட்டும் நிரலை ஸ்டாஃபோர்டு-ஃப்ரேசரும் எழுதினார்கள். குறுக்கே 128, நெடுக்கே 128 புள்ளிகள், நிறமில்லை, நிமிடத்திற்கு ஏறத்தாழ மூன்று படங்கள். காப்பி என்ன வேகத்தில் குறையுமோ அதற்கு இது தாராளம்.

1993 நவம்பரில் டேனியல் கார்டன், மார்ட்டின் ஜான்சன் என்ற இருவர் இந்தப் படத்தை வைய விரிவு வலையில் இணைத்தார்கள். அதன்பின் உலகின் எந்த மூலையிலிருப்பவரும் கேம்பிரிட்ஜில் காப்பி இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றாயிற்று. பார்த்தார்கள்! இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். ஆய்வகம் புதிய கட்டடத்திற்கு மாறியபோது, 2001 ஆகஸ்ட் 22 அன்று காமிரா நிறுத்தப்பட்டது. அது எடுத்த கடைசிப் படத்தில் தெரிவது, சுவிட்சை அணைக்கும் விரல்கள். அந்தப் பழைய இயந்திரம் ஏலத்தில் 3,350 பவுனுக்குப் போயிற்று. வாங்கியது ஜெர்மனியின் 'ஷ்பீகல்' பத்திரிகையின் இணையப் பிரிவு.

காப்பிக் குடுவை வேடிக்கைக் கதைதான். ஆனால் அதிலேயே ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது, கவனியுங்கள். 128-ஐ 128-ஆல் பெருக்கினால் 16,384 புள்ளிகள். குடுவை நிறைந்திருக்கிறதா, காலியா என்று அறிய அவ்வளவே போதும். என் மாணவிக்கு வேண்டியதோ ஆறுக்கும் எட்டுக்கும் உள்ள வேறுபாடு. என்ன வேலைக்கு எத்தனை புள்ளி என்பதுதான் காமிரா வாங்குவோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இனி, சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியை அமெரிக்காவின் பெல் நிறுவனத்தார் 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் காட்டினார்கள். 1970-இல் பிட்ஸ்பர்க் நகரில் வாணிக முறையில் தொடங்கினார்கள். மாத வாடகை 160 டாலர்! பேச்சொலிக்கு ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ் அகலமுள்ள பாதை போதும். அந்தப் படத்திற்கோ பத்து இலட்சம் ஹெர்ட்ஸ் தேவைப்பட்டது. ஒருவர் முகத்தை அனுப்பும் செலவில் முந்நூறு பேரின் பேச்சை அனுப்பலாம். சந்தாதாரர்கள் வரவில்லை; சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் அதே பெல் ஆய்வுக்கூடத்தில், 1969 அக்டோபர் 17 அன்று, வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் கரும்பலகை முன் அமர்ந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வேறொன்றை வகுத்துவிட்டனர். அவர்கள் தேடியது காமிரா அன்று. கணிப்பொறிக்கு ஒரு புதிய நினைவகம். சிலிக்கன் தகட்டின்மீது சிறு சிறு மின்னூட்டப் பொதிகளைத் தேக்கி, மின்னழுத்தங்களை மாற்றி மாற்றிக் கொடுத்து, அவற்றை வரிசையாக நகர்த்துவது என்பது திட்டம். கூரை தீப்பற்றியதும் கிணற்றடியிலிருந்து ஊரார் வரிசையாய் நின்று குடங்களைக் கைமாற்றுவார்கள் அல்லவா? அதே முறைதான். குடத்தில் நீருக்குப் பதில் எலெக்ட்ரான்கள். சிலிக்கன்மீது ஒளி பட்டால் எலெக்ட்ரான்கள் விடுபடும். ஆகவே ஒளியைக்கொண்டே குடங்களை நிரப்பலாம். எந்த இடத்தில் ஒளி மிகுதியோ அந்த இடத்துக் குடம் நிறையும். வரிசையின் கோடியில் நிற்பவர் ஒவ்வொரு குடமாக அளந்து எழுதிக்கொண்டே வந்தால் முழுப் படமும் எண்களாகக் கையில் கிடைத்துவிடும். சி.சி.டி. எனப்படும் சாதனம் இதுவே.

பாயிலுக்கும் ஸ்மித்துக்கும் 2009-இல் இயற்பியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. மறுபாதி ஒளியிழை ஆராய்ச்சிக்காக சார்லஸ் காவோவுக்கு. படமெடுக்கும் கருவியாக சி.சி.டி.யை உண்மையில் வடிவமைத்தவர் அதே ஆய்வுக்கூடத்து மைக்கேல் டாம்ப்செட் என்பதும், பரிசு வந்தபோது இது பற்றி வாதம் கிளம்பியதும் நினைவிருக்கலாம். 2017-இல் பொறியியலுக்கான எலிசபெத் அரசியார் பரிசு ஸ்மித்தோடு டாம்ப்செட்டுக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. அந்த வகையில் கணக்கு ஓரளவு நேராயிற்று என்பது என் கருத்து.

1975-இல் கோடாக் நிறுவனத்து இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன், 100-க்கு 100 புள்ளிகள் கொண்ட சி.சி.டி.யை வைத்து, கையில் தூக்கிச் செல்லத்தக்க முதல் எண்முறைக் காமிராவைச் செய்தார். ஒரு படம் காசெட்டு நாடாவில் பதிய 23 வினாடிகள் ஆயின! அதே நிறுவனத்தின் பிரைஸ் பேயர் நிறத்திற்கு வழி செய்தார். சிலிக்கனுக்கு நிறம் தெரியாது. எலெக்ட்ரான் எண்ணிக்கைதான் தெரியும். எனவே ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் ஒரு வண்ண வடிகட்டியை வைத்தார். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். நம் கண் பச்சைப் பகுதி ஒளியையே நன்கு உணர்வதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. 1976-இல் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இன்று உங்கள் மேசைமீதுள்ள காமிராவிலும் பெரும்பாலும் இதுவே இருக்கிறது. இதன் விளைவு ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஒரு புள்ளிக்கு மூன்று நிற எண்கள் வேண்டும், அளக்கப்படுவது ஒன்றே, மற்ற இரண்டும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகிக்கப்படுபவை. நேர்மையான காமிராவும் படத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஊகித்தே தருகிறது!

கணிப்பொறிக்கென்றே செய்யப்பட்டுக் கடைக்கு வந்த முதல் மலிவுக் காமிரா 1994-இல் கனெக்டிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட குவிக்கேம். பந்து வடிவம், விலை ஏறத்தாழ 100 டாலர், 320-க்கு 240 புள்ளிகள், வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே 16 சாயல்கள் மட்டும். முதலில் மேக்கின்டாஷ் கணிப்பொறிக்கு மட்டுமே வந்தது. 1998-இல் லாஜிடெக் நிறுவனம் இந்தத் தொழிலை விலைக்கு வாங்கியது.

விலை மேலும் இறங்குவதற்குக் காரணமான வேலை நடந்தது விண்வெளி ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில். குடம் கைமாற்றும் முறையில் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு கையிலும் சிறிது நீர் சிந்தும். ஆயிரம் கை மாறும்போது, ஒவ்வொரு முறையும் ஆயிரத்தில் ஒரு பங்கு சிந்தினாலும், கடைசியில் மிஞ்சுவது நூற்றுக்கு 37 பங்கே. கணக்கிட்டுப் பாருங்கள். ஆகையால் சி.சி.டி.யை மிகத் தூய்மையாகச் செய்ய வேண்டும். விண்வெளிக் கதிர்வீச்சு பட்டால் சிலிக்கனில் பழுதுகள் தோன்றிக் கசிவு பெருகும். கலிபோர்னியாவில் நாசாவின் ஜெட் உந்து ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த எரிக் ஃபாசம், 1990-களின் தொடக்கத்தில், கைமாற்றலையே ஒழித்துவிட்டார். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சொந்தமாக ஓர் அளக்கும் டிரான்சிஸ்டரை வைத்தார். குடம் இருந்த இடத்திலேயே அளவு முடிந்தது. சி.மாஸ் எனப்படும் சாதாரணக் கணிப்பொறிச் சில்லுகளைச் செய்யும் அதே முறையில் இதையும் செய்யலாம். மின்சாரமும் மிகக் குறைவாகவே செலவாகும். கிரகங்களுக்குப் போக வேண்டிய கண், கணிப்பொறி மூடிக்குள்ளும் தொலைபேசிக்குள்ளும் குடியேறியது இப்படித்தான்.

கண் கிடைத்தது; நரம்பு வேண்டாமா? 1996-இல் வந்த யு.எஸ்.பி. இணைப்பின் வேகம் வினாடிக்கு 120 இலட்சம் பிட்டுகள். 2000-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 4,800 இலட்சம். மேலும் 2003-இல் காமிராக்களுக்கென்று பொது விதிமுறை ஒன்றும் வகுக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு காமிராவோடும் ஒரு குறுந்தகடு வரும். அது தொலைந்தால் காமிராவும் தொலைந்த மாதிரிதான். இன்று செருகிய உடனே வேலை செய்கிறது என்றால் அந்த விதிமுறையே காரணம்.

இப்போது எச்.டி.க்கு வருவோம். இந்தப் பெயரில் இரண்டு அளவுகள் உண்டு: 1280-க்கு 720 புள்ளிகள், 1920-க்கு 1080 புள்ளிகள். இரண்டாவதில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 16 பிட்டு, வினாடிக்கு 30 படம் என்று பெருக்கினால் 9,950 இலட்சம் பிட்டுகளுக்கு மேல் வருகிறது. யு.எஸ்.பி. இரண்டாம் பதிப்பின் மொத்தக் கொள்ளளவே 4,800 இலட்சம்தான் என்று பார்த்தோம். இரண்டு படி பாலை ஒரு படிச் செம்பில் ஊற்ற முடியுமா? ஆகவே காமிராவுக்குள்ளேயே படத்தைச் சுருக்கிவிடுகிறார்கள்.

சுருக்கும் முறையின் மூலத்தில் நம் நாட்டவர் இருக்கிறார்கள். பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராயிருந்த நசீர் அகமது, படங்களைக் கொசைன் அலைகளாகப் பிரித்துச் சுருக்கலாம் என்று எண்ணி, 1972-இல் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்திடம் உதவித்தொகை கேட்டார். கிடைக்கவில்லை. கருத்து மிக எளிமையாக இருக்கிறது என்பது ஒரு மதிப்பீட்டாளரின் அபிப்பிராயம்! அகமது விடவில்லை. 1973 கோடைகாலத்தை ஊதியமின்றி இதற்கே செலவிட்டார். அவருடைய மாணவர் டி. நடராஜன், டெக்சாசில் பேராசிரியராயிருந்த கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. ராவ் நமது கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்று 1952-இல் சென்னைப் பல்கலைக் கழகப் பட்டம் பெற்றவர். மிக எளிது என்று ஒதுக்கப்பட்ட அந்தக் கணிதம்தான் பின்னர் ஜேபெக் படங்களுக்கும் எச்.264 போன்ற அசையும் பட முறைகளுக்கும் அடித்தளமாயிற்று.

முறை இதுதான். படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டுகிறோம். ஒரு கட்டத்தின் 64 எண்களை, மெதுவாக மாறும் அலையிலிருந்து மிக வேகமாக மாறும் அலை வரை 64 கொசைன் வடிவங்களின் கூட்டாக எழுதுகிறோம். கன்னம், சுவர், வானம் போன்றவற்றில் நிறம் மெல்ல மாறுவதால் முதல் சில எண்களே பெரியவை. மற்றவற்றை விட்டுவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. முகத்திற்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் கரும்பலகையில் எழுதிய மெல்லிய சுண்ணக்கோடு? அதன் உயிரே வேகமாக மாறும் அலைகளில்தான் இருக்கிறது. விட்டுவிடத் தகுந்தவை என்று கணிதம் கருதுபவற்றோடு என் அடுக்குக்குறியும் சேர்ந்து போய்விடுகிறது.

அன்று என் வீட்டில் நடந்ததைக் கணக்காகவே பார்க்கலாம். நானும் பலகையும் தெரிய வேண்டுமென்று 8 அடி அகலத்தைக் காமிராவுக்குக் காட்டியிருந்தேன். காமிரா என்னவோ 1280 புள்ளி அகலம் உடையதுதான். ஆனால் இணைய வேகம் போதாமையால் மென்பொருள் அதை 640 புள்ளியாகக் குறைத்து அனுப்பிக்கொண்டிருந்தது. 8 அடி என்பது 2,440 மில்லிமீட்டர். ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 3.8 மில்லிமீட்டர். அடுக்குக்குறியின் உயரம் ஒன்றரைச் சென்டிமீட்டர் என்றால் அதற்குக் கிடைத்தவை நான்கே புள்ளிகள். நான்கு புள்ளி உயரத்தில் ஆறுக்கும் எட்டுக்கும் என்ன வேறுபாடு காட்ட முடியும்? சுருக்கல் வேறு சேர்ந்துகொண்டது.

சரி, புள்ளிகளைக் கூட்டினால் போதுமா? போதாது. ஒளி வேண்டும். ஒளி ஃபோட்டான்களாக வருகிறது என்பதையும், அவை மழைத்துளிபோல் ஒழுங்கின்றி விழுகின்றன என்பதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு புள்ளியில் சராசரி 10,000 ஃபோட்டான்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்க மூலம், அதாவது 100, நூற்றுக்கு ஒன்றுதான். சராசரி 100 என்றால் ஏற்ற இறக்கம் 10, நூற்றுக்குப் பத்து! இரவில் மங்கிய அறையில் படம் மணல் தூவியதுபோல் பொரிபொரியாகத் தெரிவது இதனால்தான். அதே அளவு சில்லில் புள்ளிகளை மும்மடங்காக்கினால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி மூன்றில் ஒரு பங்காகிறது. மடிக் கணிப்பொறியின் மூடி சில மில்லிமீட்டர் கனமே உள்ளது. அதற்குள் பெரிய லென்ஸும் பெரிய சில்லும் வைக்க இடமில்லை. தனியாக வாங்கிச் செருகும் காமிரா பெரும்பாலும் மேலாக இருப்பதற்கு இந்த இடவசதியே முதற்காரணம். எனினும், ரூபாயைக் காமிராவில் கொட்டுவதற்கு முன் மேசையைச் சன்னலுக்கு எதிரே திருப்பிப் போடுங்கள். சன்னல் உங்கள் முகத்திற்கு முன்னால் இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் அன்று. செலவில்லாத இந்த ஒரு மாற்றம் பல நூறு ரூபாய்க்குச் சமம்.

இன்னொரு விஷயம் விற்பனையாளர் எவரும் சொல்வதில்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக்கு வைத்த குழல் விளக்கு வினாடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரிகிறது. காமிரா ஒளியை வாங்கும் நேரம் நூற்றிலொரு வினாடியின் முழு மடங்காக இருந்தால் எல்லா வரிகளுக்கும் ஒரே அளவு ஒளி கிடைக்கும். ஆனால் பல காமிராக்களின் மென்பொருளில் அமெரிக்க வழக்கப்படி 60 ஹெர்ட்ஸ் என்று குறித்திருக்கும். அப்போது, எடுத்துக்காட்டாக, 25 மில்லிவினாடி ஒளி வாங்கினால் அதற்குள் இரண்டரைத் துடிப்புகள் அடங்கும். சி.மாஸ் சில்லு வரி வரியாக, ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பதால், அந்த அரைத் துடிப்பு சில வரிகளுக்கு வெளிச்சமாகவும் சில வரிகளுக்கு இருட்டாகவும் அமையும். திரையில் கரும்பட்டைகள் மெல்ல ஊர்ந்து செல்லும். காமிரா பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அமைப்புப் பக்கத்தில் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றினால் பட்டைகள் போய்விடும்.

தனிமைக்கும் ஒரு சொல். காமிரா வேலை செய்யும்போது சிறு விளக்கு எரியும் என்று நம்பியிருக்கிறோம். 2013-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழக ஆய்வாளர்கள், பழைய மடிக் கணிப்பொறி வகை ஒன்றில் விளக்கு எரியாமலே காமிராவை இயக்கிக் காட்டினார்கள். மூடி உள்ள காமிராவாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு துண்டுக் காகிதம் போதும்.

நான் முதலில் வாங்கிய தனிக் காமிராவின் பெட்டிமீது 1080 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. விலையும் மலிவு. படம் மட்டும் பழைய மாதிரியே மங்கலாயிருந்தது. ஐயம் தீர ஒரு சோதனை செய்தேன், நீங்களும் செய்யலாம். தச்சர் வைத்திருக்கும் இரும்பு டேப்பைச் சுவரில் 60 சென்டிமீட்டர் நீட்டி ஒட்டுங்கள். அந்த 60 சென்டிமீட்டர் படத்தின் அகலம் முழுவதையும் நிரப்பும்படி காமிராவை வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். உண்மையிலேயே 1920 புள்ளிகள் இருந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று புள்ளிக்கு மேல் கிடைக்கும். மில்லிமீட்டர்க் கோடுகள் தனித்தனியாகத் தெரியும். சில்லில் 640 புள்ளிகளே இருந்து, மென்பொருள் அதை இழுத்துப் பெரிதாக்கியிருந்தால், மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளிதான். கோடுகள் கலந்து சாம்பல் நிறப் பட்டையாகிவிடும். எனக்குக் கிடைத்தது சாம்பல் பட்டை. கடைக்காரர் டேப்பையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று சுவரில் எழுதியிருந்ததைக் காட்டினார்.

இரண்டாம் முறை டேப்பைக் கையோடு எடுத்துச் சென்றேன். தானே குவியம் சரிசெய்துகொள்ளும் லென்ஸ், 1080 அளவில் வினாடிக்கு 30 படம், முக்காலியில் பொருத்தத் திருகு துளை: இவ்வளவே பார்த்தேன். வீட்டில் பலகையைச் சன்னலுக்கு எதிரே மாற்றி, நான் படத்திற்கு வெளியே நின்றுகொண்டு, பலகையின் 4 அடி அகலத்தை மட்டும் காமிராவுக்குக் காட்டினேன். இணைய வேகம் ஒழுங்காயிருக்கும் காலை நேரத்துக்கு வகுப்பையும் மாற்றிக்கொண்டோம். அடுக்குக்குறிக்கு இப்போது 23 புள்ளிகள். அடுத்த வகுப்பில் ஸ்டீபன் மாறிலியை மறுபடியும் எழுதி, அதே மாணவியைப் படிக்கச் சொன்னேன். "மைனஸ் எட்டு, சார்" என்றாள்.